பிளேடு புதுசு, படிகாரம் பழசு

நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைக்காரர் என் கண்ணெதிரே புது பிளேடின் உறையைப் பிரித்தார். இரண்டாக முறித்து, பாதியைக் கத்தியில் செருகினார். "புதுசுதான் சார், பாத்துக்கங்க" என்றார். எனக்கும் திருப்தி. சவரம் முடியும் நேரத்தில் மோவாய்க்குக் கீழே சின்னக் கீறல் ஒன்று விழுந்தது. மேசையோரம் ஈரமாகக் கிடந்த படிகாரக் கல்லை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தார். எரிந்தது, ரத்தம் நின்றது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனவருக்கும் அதே கல்தான். அவருக்கு முன்னால் வந்தவருக்கும் அதேதான்.

ஒருவருக்கு ஒரு பிளேடு என்ற பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியதற்கு எய்ட்ஸ் பயம் முக்கியமான காரணம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் நடந்த விழிப்புணர்வுப் பிரசாரம் சவரக் கத்தியைப் பற்றி எல்லோரையும் யோசிக்க வைத்தது. நல்லதுதான். ஆனால் பயம் பிளேடோடு நின்றுவிட்டது. பிளேடைப் பிடிக்கும் கத்தியின் இடுக்கு, டிரிம்மரின் பல், சோப்பு நுரை தடவும் பிரஷ், கழுத்தைச் சுற்றும் துண்டு, படிகாரம் ஆகியவை நம் கண்ணிலேயே படுவதில்லை.

சலூனில் நாம் முதலில் அஞ்ச வேண்டியது எச்.ஐ.வி.க்கு அல்ல. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே வந்தால் வெகுவிரைவில் பலமிழந்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அப்படியல்ல. காய்ந்துபோன ரத்தத் துளியில்கூட அது குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். தொற்றுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். மருத்துவமனைகளில் ஊசி குத்திய சம்பவங்களை வைத்து ஒரு கணக்கு சொல்வார்கள். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கோ 1000க்கு 3. சவரக் கீறல் ஊசிக் குத்தைப் போல ஆழமானதல்ல, ஆபத்தும் அந்த அளவு இல்லை. ஆனால் ஊசிக் குத்து வாழ்நாளில் எப்போதோ நடப்பது. சவரம் வாரந்தோறும் நடப்பது. பாகிஸ்தானிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகள், கடையில் சவரம் செய்துகொள்வதை ஹெபடைட்டிஸ் பி, சி பரவும் வழிகளில் ஒன்றாகக் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி வைரஸோடும், 55 லட்சம் பேர் சி வைரஸோடும் வாழ்ந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளிப்படும் வரை பல வருடங்கள் அது சத்தமில்லாமல் இருக்கும்.

படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், சருமத்தைச் சுருக்கும். கிருமியையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. அதை நம்பி ரத்தம் பட்ட கல்லை அடுத்தவர் முகத்தில் தேய்க்கக் கூடாது. இதற்கு மாற்று மிக எளிது. கல்லைப் பொடித்து டப்பாவில் வைத்து, ஒவ்வொருவருக்கும் புதுப் பஞ்சில் தொட்டு வைத்தால் போதும். நான் என் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அட, இது நல்லாருக்கே சார்" என்றார். அடுத்த வாரம் பொடி டப்பா வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சுத்தம் செய்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் முடி, சோப்பு, ரத்தம் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதன்பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கு ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. காலையில் ஊற்றிய டெட்டால் தண்ணீரில் சாயங்காலம் வரை சீப்பும் கத்திரியும் நிற்பதால் பயனில்லை. மெழுகுவத்திச் சுடரில் கத்தியை ஒரு நொடி காட்டுவதும் அப்படித்தான். கழுவிய கத்தியை 20 நிமிடம் கொதிநீரில் வைக்கலாம். அல்லது, கடையில் கிடைக்கும் ஐந்து சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, துரு ஏறாமல் அலசித் துடைக்கலாம். டிரிம்மரைத் தண்ணீரில் போட முடியாது. பல்லைக் கழற்றி, முடியைத் தட்டி, 70 சதவீத ஸ்பிரிட் கொண்டு துடைக்க வேண்டும். இப்போது இளைஞர்கள் விரும்பும் ஃபேட் வெட்டுக்குத் தோலை ஒட்டி மெஷின் ஓட வேண்டியிருக்கிறது. அந்தப் பல்லில்தான் படர்தாமரைப் பூஞ்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. படர்தாமரை இன்று சாதாரண நோயாக இல்லை. வழக்கமான மருந்துக்கு அடங்காத பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அரிப்பை நாலு நாள் அடக்கிவிட்டு நோயைப் பரப்பிவிடும்.

பெண்கள் போகும் பார்லர்களிலும் இதே கதைதான். த்ரெடிங் செய்பவர் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவத்தைச் சீர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன்பிறகு புருவத்தருகே மருக்கள் முளைத்ததைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாயில் கடிக்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யும் முறையும் உண்டு; கேட்டால் செய்வார்கள். வேக்சிங் மெழுகில், உடம்பில் தடவிய குச்சியையே மறுபடி முக்கக் கூடாது. கால் ஊறவைக்கும் தொட்டியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே நகப்பராமரிப்புக் கடைக்குப் போன நூறு பேருக்கும் மேல் முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் வந்தன. காச நோய்க் கிருமியின் உறவுக் கிருமி ஒன்று அதற்குக் காரணம். நீர்ச்சுழல் தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் துகளிலும் அது குடியிருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், அங்கே போவதற்கு முன் கால் முடியைச் சவரம் செய்திருந்த பெண்கள். வேக்சிங்கோ சவரமோ செய்த அன்றே பெடிக்யூர் வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது குழந்தைகள் விஷயம். பெரியவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் 100க்கு 95 பேரின் உடம்பு அதைத் தானாக விரட்டிவிடும். கைக்குழந்தைக்குத் தொற்றினால் 100க்கு 90 குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். நாமோ ஒரு வயது நிறைவதற்குள் குலதெய்வம் கோயிலுக்குத் தூக்கிப் போய் மொட்டை போடுகிறோம். அன்றைக்கே காதும் குத்துகிறோம். குழந்தை அழுது தலையை ஆட்டும்போது கீறல் விழாத மொட்டை அபூர்வம். நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14 வாரங்களில் என்று அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிகள் முடிந்துவிட்டனவா என்று அட்டையைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். கத்தியைக் கழுவிக் கிருமி நீக்கி, புது பிளேடு போட்ட பிறகு குழந்தையை மடியில் வையுங்கள். தலை நனைக்கும் தண்ணீர் எல்லோருக்கும் பொதுவான வாளியிலிருந்து வேண்டாம். காது குத்த ஆசாரி கொண்டுவரும் தங்கக் கம்பி புதியதாகவும் கிருமி நீக்கியதாகவும் இருக்கட்டும்.

கீறல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். முன்னவரின் ரத்தம் பட்ட கத்தி என்று சந்தேகப்பட வலுவான காரணம் இருந்தால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மருந்து 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைட்டிஸுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகைக்கு பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணம் கிடைக்கிறது. கீழாநெல்லியை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

சுத்தத்தைக் கேட்பது உங்கள் உரிமை. காசு கொடுத்துப் பெறும் சேவைக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சேவைக் குறையால் உடம்பு கெட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. கடைகளில் பெரும்பாலும் ரசீது தருவதில்லை. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவையும், மருத்துவர் சீட்டையும், புண்ணின் படத்தையும் பத்திரமாக வையுங்கள். ஹெபடைட்டிஸ் வெளியே தெரிய மாதங்கள் ஆகும் என்பதால் இந்தக் கடைதான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். அதனால் வழக்கைவிட, கடையின் அசுத்தத்தை மாநகராட்சி அல்லது நகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்வது பயன் தரும். சென்னையில் 1913க்கு அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான தொற்றை அலட்சியத்தால் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 271ஆம் பிரிவின்படி குற்றம்.

சுத்தத்தின் பெயரைச் சொல்லி யாரையும் கடைக்கு வெளியே நிறுத்த முடியாது என்பதும் சட்டம்தான். எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சாதியைச் சொல்லி முடிவெட்ட மறுப்பது, இன்னும் சில ஊர்களில் நடக்கும் அந்தக் கொடுமை, 1955இலிருந்தே குற்றம். வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி சுத்தம் செய்தால், யாருக்கு என்ன நோய் என்று விசாரிக்கும் தேவையே எழாது.

கத்தி பிடிக்கும் கைதான் எல்லோரையும்விட அதிக ஆபத்தில் இருக்கிறது. பிளேடை முறிக்கும்போது விரல் கிழியும். அதே விரலால் நாள் முழுதும் அடுத்தவர் ரத்தத்தைத் தொட வேண்டும். இந்தத் தொழில் செய்யும் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். புண்ணுக்குக் கட்டுப் போட்டும் பிரசவம் பார்த்தும் ஊரைக் காத்தவர்கள் அவர்கள். 0, 1, 6 மாதங்களில் போடும் மூன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் அவர்களைக் காப்பாற்றும். முடிதிருத்துவோருக்கென்று நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் இந்த ஊசியை அரசு இலவசமாகப் போட வேண்டும். அது வரும் வரை, அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது பிளேடைப் பார்த்துவிட்டு இதையும் கேளுங்கள்: "அண்ணே, நீங்க ஹெபடைட்டிஸ் ஊசி போட்டுட்டீங்களா?"