கட்டுத்தறியில் காலன்

மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்ட பாஷை நம்முடையது. அந்தச் செல்வத்தில் தலைசிறந்தது காங்கேயம் காளை என்றால் மறுப்பவர் இரார். திருப்பூர் ஜில்லாவின் கிழக்கிலும் தெற்கிலும், கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கிடக்கும் கொரங்காடுகளே அதைப் பேணி வளர்த்தன. மாலையில் கட்டுத்தறியில் நின்று அசைபோட்ட அப்படிப்பட்ட உருப்படி ஒன்று, பொழுது விடிவதற்குள் பிணமாய்க் கிடப்பதற்குக் காரணமாகிற ஒரு வியாதியைப் பற்றி இன்று எழுதத் துணிகிறோம். ராஜீய விஷயங்களுக்கு நடுவே மாட்டு வியாதிக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். குடியானவனுடைய முதலைக் காப்பாற்றாத ராஜீயம் யாருக்காக என்று அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்.

தொண்டை அடைப்பான் என்பது இவ்வியாதியின் பெயர். கிருமி ரத்தத்தில் பரவி, உடல் முழுவதும் விஷமேறிச் சாகும் நோய்களுள் இது முக்கியமானது. காய்ச்சல் 106, 107 டிகிரி வரை ஏறும். மாடு தீனியைத் தொடாது. வாயில் எச்சில் ஒழுகும். தொண்டைக்குக் கீழே சூடான வீக்கம் காணும். மூச்சு இழுக்கும் ஓசை தூரத்தில் கேட்கும். அறிகுறி தோன்றிய 6 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். எருமைக்கு இது மாட்டைவிடக் கொடியது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள கன்றுகளும் கிடாரிகளுமே அதிகமாக மாளுகின்றன. காய்ச்சல் கண்டவுடனே மருந்து ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு. மூச்சுத் திணறிய பிறகு டாக்டரை அழைப்பது, வீடு வெந்து முடிந்த பிறகு கிணறு தோண்டுவது போலத்தான்.

இதை அம்மன் கோபம் என்றும், கண்ணேறு என்றும் சொல்லித் தேற்றிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், கோழிகளைக் கூண்டோடு கொல்லும் ஒரு கிருமியை ஆராய்ந்து, அதன் வீரியத்தைக் குறைத்தால் அதையே தடுப்பு மருந்தாக்கலாம் என்று 1880-ல் நிரூபித்தார். நம் மாடுகளைக் கொல்வதும் அந்த இனத்துக் கிருமிதான். அவர் பெயராலேயே அதற்குப் பாஸ்டுரெல்லா என்று பெயரிட்டார்கள். இக்கிருமி அயலூரிலிருந்து வந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. திடகாத்திரமாகத் தோன்றும் சில மாடுகளின் தொண்டைச் சதையிலேயே அது ஒளிந்திருக்கும். உடலில் வலு இருக்கும் மட்டும் அடங்கிக் கிடக்கும். வலு குன்றிய சமயம் பார்த்துப் பெருகி, மூச்சிலும் எச்சிலிலும் வெளிப்பட்டுப் பக்கத்து மாட்டையும் பற்றும். ஆகவே, கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுவதைவிட, மாட்டின் வலுவைக் குன்றச் செய்தது எது என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

அந்தக் கேள்விக்கு முதல் பதில் மழை. கோடை முழுவதும் காய்ந்த சருகைத் தின்று எலும்பு தெரிய நிற்கும் மாடு, முதல் மழையில் நனைகிறது. சேறும் சகதியுமான கட்டுத்தறியில் படுக்கிறது. அதே வாரத்தில் ஏரிலும் பூட்டப்படுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கிருமிக்கு ஆயுள் நீளம். ஒரே குட்டையில் ஊர் மாடெல்லாம் வாய் வைத்தால் கேட்க வேண்டியதில்லை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்தில் ஐப்பசி மழை அபாய காலம். உடுமலை, மடத்துக்குளம் பக்கத்தில் ஆனி, ஆடியின் சாரலும் அப்படியே.

இரண்டாவது பதில், கூட்டமும் பிரயாணமும். சந்தையில் வாங்கிய மாடுகளை லாரியில் நெருக்கி அடைத்து, தண்ணீர் காட்டாமல், இரவெல்லாம் ஓட்டி வருகிறார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தை நமது பெருமை. ஆனால் எந்தச் சந்தையிலிருந்து வந்த உருப்படியையும், வந்த அன்றே பழைய மாடுகளோடு ஒரே தொட்டியில் நீர் குடிக்க விடுவது அறியாமை. இரண்டு வாரம் தனியே கட்டிப் பார்ப்பதற்கு ஒரு முளைக்குச்சியும் ஒரு கயிறும் போதும். கோமாரி கண்டு தேறிய மாடு, குடற்புழுவால் மெலிந்த மாடு, கறவையில் ஓய்ந்த மாடு ஆகியவற்றுக்கும் இதே அபாயம் உண்டு.

பன்றி வளர்ப்போரை இங்கே மறக்க நமக்கு மனமில்லை. ஊராரின் இகழ்ச்சிக்கு நடுவே அத்தொழிலால் ஜீவிக்கும் ஏழைக் குடும்பங்கள் பல. பன்றிகளையும் இதே பாஸ்டுரெல்லா நம் தேசத்தில் கொன்றிருக்கிறது. ரத்தத்தில் விஷமேற்றும் வேறு கிருமிகளும் பன்றிக்கு உண்டு. நெருக்கடியான கொட்டடி, ஈரத் தரை, வெயில் தாங்காமை, வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளைத் திடீரென்று ஒன்றாய் அடைத்தல், ஆறாத புண் ஆகியவையே அங்கும் கிருமிக்கு வாசல் திறக்கின்றன. சீனாவின் சிசுவான் மாகாணத்தில் 2005-ல், நோயுற்றும் செத்தும் போன பன்றிகளை அறுத்துக் கையாண்டவர்களை இத்தகைய ஒரு கிருமி பற்றியது. 215 பேர் நோயுற்றார்கள். 38 பேர் மாண்டார்கள். பன்றிக் கொட்டடியை அலட்சியம் செய்யும் ஊர் தன்னையே அலட்சியம் செய்கிறது.

செத்த பிராணியைக் கையாளும் முறை இதனால் பெரிய விஷயமாகிறது. தொண்டை அடைப்பான் மனிதரைத் தொற்றும் நோயன்று. ஆனால் அதைப் போலவே திடீரென்று கொல்லும் அடைப்பான் என்ற ஆந்த்ராக்ஸ் மனிதரையும் கொல்லும். 2022-ல் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப் பன்றிகள் அந்நோயால் மாண்டன. நமக்கு அது எட்டாத தூரமன்று. இரண்டில் எது வந்தது என்று வெறும் கண்ணால் நிச்சயிக்க இயலாது. ஆகையால், திடீரென்று செத்த மாட்டை அறுக்கவும் கூடாது, தோலை உரிக்கவும் கூடாது. உடலைத் திறந்தால் ஆந்த்ராக்ஸ் கிருமி விதைபோல் இறுகி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். கால்நடை டாக்டருக்குச் சொல்லியனுப்பி, அவர் சொற்படி ஆழக் குழியில் புதைப்பதே முறை. 2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலிலுள்ள நோய் கண்டதாகச் சந்தேகம் தோன்றினால், கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிப்பது உடையவன் கடமை. சட்டம் ஏட்டில் இருந்து பயனில்லை. பஞ்சாயத்துத் தலைவர்கள் அதை ஊரறியச் செய்ய வேண்டும்.

இனி மிகச் சுலபமான பரிகாரத்துக்கு வருகிறோம். அது தடுப்பூசி. கொடிகாத்த குமரன் திருப்பூரில் உயிர் நீத்த அதே 1932-ல் ராணிப்பேட்டையில் ஏற்பட்ட ஸ்தாபனம் இன்றும் இம்மருந்தைத் தயாரித்து வருகிறது. படிகாரம் கலந்த மருந்து நாலைந்து மாதம் காக்கும். எண்ணெய் கலந்தது அதைவிட நீண்ட காலம் காக்கும். உடலில் தடுப்புச் சக்தி ஊறச் சில வாரங்கள் வேண்டியிருப்பதால், மழைக்கு ஒரு மாதம் முன்பே, அதாவது ஆவணி புரட்டாசியிலேயே ஊசி போட்டாக வேண்டும். வெக்கை நோயை நம் தேசம் அடியோடு ஒழித்து, 2006-ல் உலகத்தின் அங்கீகாரம் பெற்றதும் ஊசியின் பலத்தால்தான். தொண்டை அடைப்பானோ நலமான மாட்டிலும் மறைந்திருப்பதால், ஒரே போரில் ஒழியாது. வருஷந்தோறும் ஊசி போட வேண்டும்.

திருப்பூர்ச் சீமையில் இதற்கொரு விசேஷத் தடையும் உண்டு. இளைஞர்கள் விடியும்போதே பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். கட்டுத்தறியில் இருப்பவர் கிழவரும் கிழவியும். வேலை நாளில் பத்து மணிக்கு முகாம் போட்டால், கொம்பு சிலுப்பும் காளையைப் பிடித்துக் கொடுக்க ஆள் ஏது? ஞாயிற்றுக்கிழமையிலோ, பால் ஊற்றும் விடியற்காலை வேளையிலோ, சங்கத்துக் கட்டடத்தின் பக்கத்திலேயே முகாம் நடத்தும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். பன்றிக் கொட்டடிகளுக்கும் டாக்டர் போக வேண்டும். 2019-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த தேசியத் தடுப்பூசித் திட்டம் கோமாரியையும் புரூசெல்லா நோயையும் குறி வைத்தது. அவற்றுக்குக் காட்டிய மும்முரம், ஓரிரவில் கொல்லும் இந்நோய்க்கும் வேண்டாமா?

2017 தை மாதத்தில் காளைக்காக மெரீனாக் கரையில் இளைஞர் கடலென்று திரண்டதைத் தமிழ்நாடு மறக்காது. அந்த உணர்ச்சியை நாம் வணங்குகிறோம். அந்த இளைஞர்களில் ஊருக்குப் பத்துப் பேர், வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கயிறும் கையுமாகக் கட்டுத்தறிக்கு வந்து, பெரியவர்களுக்காக மாட்டைப் பிடித்துக் கொடுத்தால் போதும். அதற்குக் கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். மழைக்கு முன் வந்தால் மட்டும் போதும்.