மீன் முதலாளி ஆவது எப்படி?

கப்பல் வாங்கத் தெரிந்தால் போதாது; கடலின் கணக்கும் தெரியவேண்டும்!

கையில் வலை இல்லை. கரையில் படகு இல்லை. கடலுக்குப் போய்ப் பழக்கமும் இல்லை. ஆனாலும் நீங்கள் ஒரு மீன்பிடிக் கம்பெனிக்கு முதலாளி ஆகலாம்! கப்பல்களை ஏலத்தில் எடுக்கலாம். பாங்கியில் கடன் வாங்கலாம். ஆழ்கடலுக்கு ஆள் அனுப்பலாம். ஒரே பிற்பகலில் பெரும் பணக்காரர் ஆகலாம். அதே பிற்பகலில் திவாலும் ஆகலாம்!

எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

"பிஷ்பாங்க்ஸ்" என்பது அந்த விளையாட்டின் பெயர். பாங்க் என்றால் பணம் போடும் பாங்கி என்று மட்டும் எண்ணிவிடவேண்டாம். கடலுக்கு அடியில் மேடு தட்டி, மீன்கள் கூட்டம் கூட்டமாகச் சேரும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இந்த விளையாட்டில் இரண்டு பாங்குகளும் உண்டு. ஒன்றில் பணம் இருக்கிறது. மற்றொன்றில் மீன் இருக்கிறது. ஒன்று நிரம்ப நிரம்ப, மற்றொன்று காலியாவதுதான் ஆட்டத்தின் சுவாரஸ்யம்.

யார் செய்தது?

அமெரிக்கப் பேராசிரியர் டென்னிஸ் மெடோஸ் என்பவர் 1980-களில் இதை உருவாக்கினார். "வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு" என்று 1972-ல் உலகை எச்சரித்த புகழ்பெற்ற நூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். புத்தகத்தில் சொன்னதை மாணவர்கள் தாங்களே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று, அதை ஒரு வியாபார விளையாட்டாக ஆக்கிவிட்டார்.

முதலில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். பிறகு அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் முதலானோர் சேர்ந்து, இன்டர்நெட்டில் ஆடும்படி அதை அமைத்தார்கள்.

கைபேசியில் பொழுது போக்குவதற்கு மீன்பிடி விளையாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மீன் தீர்வதே இல்லை. தூண்டிலைப் போடப் போட மீன் வந்துகொண்டே இருக்கும். பிஷ்பாங்க்ஸ் அப்படி அல்ல. இங்கே கடலுக்கும் கணக்கு உண்டு!

முதல் நாள் முதலாளி

விளையாட்டை எப்படித் தொடங்குவது?

ஆட்டத்தை நடத்த ஓர் ஆசிரியர் இருப்பார். விளையாட வந்தவர்கள் சில கம்பெனிகளாகப் பிரிவார்கள். எல்லாக் கம்பெனிக்கும் தொடக்கத்தில் சில கப்பல்கள், கையில் கொஞ்சம் பணம்.

ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஒரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் முதலாளி இரண்டு முடிவுகள் செய்யவேண்டும்.

ஒன்று, கப்பல். ஏலத்தில் எடுக்கலாம். மற்ற கம்பெனியிடம் பேரம் பேசி வாங்கலாம். வேண்டாத கப்பலை விற்றுவிடலாம். புதிதாகக் கட்டச் சொல்லியும் உத்தரவு போடலாம். ஆனால் இன்று உத்தரவு போட்ட கப்பல் இன்றே வராது. அடுத்த வருஷம்தான் கைக்கு வரும். இதை நன்றாக நினைவில் வையுங்கள். பலரைக் கவிழ்ப்பது இதுதான்!

இரண்டு, இடம். கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பலாம். கரையோரக் கடலுக்கு அனுப்பலாம். துறைமுகத்திலேயே கட்டியும் வைக்கலாம். ஆழ்கடலில் மீன் அதிகம், செலவும் அதிகம். கரையோரத்தில் இரண்டும் குறைவு. துறைமுகத்தில் மீன் இல்லை. ஆனால் சும்மா நிற்கும் கப்பலும் சாப்பிடும்!

முடிவுகளைச் சொன்னதும் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். இவ்வளவு மீன்பாடு, இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு என்று காட்டும். கையிருப்புக்கு வட்டி வரும். கடன் இருந்தால் வட்டி போகும். கடைசியில் யாருடைய சொத்து மதிப்பு அதிகமோ, அவரே வெற்றி பெற்றவர்.

"இவ்வளவுதானே! இதில் என்ன சூட்சுமம்?" என்கிறீர்களா?

கணக்கைப் பாருங்கள்!

எளிதில் விளங்குவதற்காக, சிறிய எண்களை வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

ஒரு கடல். அதில் அதிகபட்சம் 4,000 மீன்கள்தான் வாழ இடமும் இரையும் உண்டு. ஒரு கப்பல் வருஷத்துக்கு 25 மீன் பிடிக்கிறது. ஒரு மீன் 20 டாலர். ஆகவே கப்பலுக்கு வரவு 500 டாலர். செலவு 250 போனால் லாபம் 250. ஒரு புதுக் கப்பலின் விலை 300 டாலர்.

கப்பலின் விலை ஒன்றேகால் வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது! இதைக் கண்ட எந்த முதலாளிதான் சும்மா இருப்பார்? "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று வாங்கத்தானே தோன்றும்?

இப்போது கடல் பக்கம் வாருங்கள். கடல் நிறைய மீன் இருந்தால் இனம் பெருகாது. இரை போதாது. 3,000 இருந்தால் வருஷத்துக்கு 375 பெருகும். பாதியாக, 2,000 இருக்கும்போதுதான் பெருக்கம் உச்சம்: 500. அதற்கும் கீழே போனால் மறுபடி இறக்கம். 400 மீன்தான் மிச்சம் என்றால், 180-தான் பெருகும். குட்டி போடத் தாய் மீன் வேண்டாமா?

ஐந்து கம்பெனிகள். ஆளுக்கு 3 கப்பல். மொத்தம் 15. வருஷ மீன்பாடு 375. கடலில் மீன் படிப்படியாகக் குறைந்து 3,000-ல் வந்து நின்றுவிடும். பிறகு பெருகுவதும் 375, பிடிப்பதும் 375. பேரன் காலம் வரை பிடிக்கலாம்!

ஆனால், லாபத்தைக் கண்டு ஆளுக்கு 8 கப்பல் ஆக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். மொத்தம் 40. வருஷ மீன்பாடு 1,000.

முதல் வருஷ முடிவில் கடலில் மிச்சம் 3,000. இரண்டாம் வருஷம் 2,375. மூன்றாம் வருஷம் சுமார் 1,860. நான்காம் வருஷம் 1,350. ஐந்தாம் வருஷம் 800. ஆறாம் வருஷம் சுமார் 120!

ஏழாம் வருஷம் கடலையே அரித்தெடுத்தாலும் கப்பலுக்கு ஐந்து மீன்கூடத் தேறாது. 100 டாலர் வரவுக்கு 250 டாலர் செலவு. கப்பலை விற்கலாம் என்றால், மீன் இல்லாத கடலில் கப்பலை வாங்குகிறவர் யார்?

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆறு வருஷமும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் லாபம்தான்! கடைசி நிமிஷம் வரை அபாய மணி அடிக்கவில்லை. வட்டியைச் சாப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு முதலையே சாப்பிட்டுவிட்டார்கள். விதை நெல்லைக் குத்திப் பொங்கிவிட்டு, "இந்த வருஷம் நல்ல சாப்பாடு" என்று மெச்சிக்கொண்ட கதைதான்!

அசல் விளையாட்டில் வானிலையும் குறுக்கிடும். மீன்பாடு வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். அதனால், "இந்த வருஷம் பருவம் சரியில்லை" என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழி உண்டு. வியாபாரம் படித்தவர்கள், அதிகாரிகள், கெட்டிக்கார மாணவர்கள் என்று எத்தனையோ பேர் ஆடிப் பார்த்துவிட்டார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் கடல் காலியாகித்தான் முடிகின்றன.

ஏன்? அவர்கள் முட்டாள்களா? இல்லை. "நான் பிடிக்காவிட்டால் அடுத்தவன் பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்ற பயம்! கிடைக்கும் லாபம் எனக்கு மட்டும். குறையும் மீன் எல்லோருக்கும் பொது. பொதுச் சொத்து இப்படித்தான் பாழாகிறது என்று காரட் ஹார்டின் என்ற விஞ்ஞானி 1968-ல் எழுதினார். நம் ஊர்க்காரர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள்: "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!"

நிஜக் கடலில் நடந்தது

"இது விளையாட்டுத்தானே, போனால் போகிறது" என்று சொல்லலாம். ஆனால் இந்த ஆட்டத்தை நிஜமாகவே ஆடித் தோற்ற ஒரு தேசம் உண்டு.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து என்ற தீவு. அதை ஒட்டிய கடல்மேட்டில் "காட்" என்ற மீன் ஏராளம். 1497-ல் ஜான் கபாட் என்ற மாலுமி அங்கே போய்த் திரும்பியபோது, கூடையை இறக்கினாலே மீன் அள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். சுமார் 500 வருஷங்கள் அந்த மீன் உலகத்துக்குச் சோறு போட்டது.

1950-களில் ராட்சத இழுவலைக் கப்பல்கள் வந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, உறைய வைத்து, மாதக்கணக்கில் கடலிலேயே தங்கின. 1968-ல் ஒரே வருஷத்தில் சுமார் 8 லட்சம் டன் காட் பிடித்தார்கள். அதுதான் உச்சம். பிறகு இறங்குமுகம்.

1977-ல் கனடா, 200 கடல் மைல் வரை தன் கடல் என்று அறிவித்து, அன்னியக் கப்பல்களை விலக்கியது. ஆனால் அந்த இடத்தைச் சொந்தக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன! மிச்சமிருந்த மீன்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடியதால், பெரிய கப்பல்களின் வலை கடைசி வரை நிறைந்தே வந்தது. "மீன் இருக்கிறது" என்றே நம்பினார்கள்.

1992 ஜூலை 2-ந் தேதி, காட் பிடிக்கக் கூடாது என்று கனடா அரசாங்கம் தடை விதித்தது. ஒரே நாளில் சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பியிருந்த கிராமங்களிலிருந்து குடும்பங்கள் பெட்டி கட்டின. இரண்டே வருஷத் தடை என்றார்கள். அது நீங்கியது 2024-ல். முப்பத்திரண்டு வருஷங்கள்! அப்போதும் அனுமதித்தது 18,000 டன்தான்.

வெல்லும் வழி

அப்படியானால் இந்த ஆட்டத்தில் வெல்லவே முடியாதா? முடியும். புதிதாக ஆடுகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

பாங்கிக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கப்பலுக்கு எத்தனை மீன் என்பதை வருஷா வருஷம் குறித்து வையுங்கள். அது லேசாக இறங்கும்போதே விழித்துக்கொள்ளுங்கள். வெகுவாக இறங்கிய பிறகு விழித்துப் பயனில்லை.

உங்கள் கப்பல்களை மட்டும் எண்ணாதீர்கள். எல்லாக் கம்பெனிகளின் கப்பல்களையும் கூட்டிப் பாருங்கள். கடலுக்கு நீங்கள் வேறு, அவர் வேறு அல்ல!

புதுக் கப்பலுக்கு உத்தரவு போடும்போது இன்றைய கடலைப் பார்க்காதீர்கள். அந்தக் கப்பல் இறங்கப்போவது அடுத்த வருஷத்துக் கடலில். நீங்கள் உத்தரவு போடும் அதே நேரத்தில் மற்ற நால்வரும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: பேசுங்கள்! மற்ற கம்பெனிகளுடன் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள இந்த விளையாட்டில் இடம் உண்டு. ஆளுக்கு இத்தனை கப்பல், இத்தனை மீன் என்று வரம்பு கட்டலாம். மீறினால் என்ன தண்டனை என்பதையும் அப்போதே எழுதி வைக்கவேண்டும். வெறும் வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

மனிதர்களால் இது முடியுமா என்று சந்தேகப்படவேண்டாம். துருக்கியில் அலான்யா என்ற கடற்கரை ஊரில் மீனவர்கள் செய்துகாட்டினார்கள். மீன் பிடிக்கும் இடங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டார்கள். செப்டம்பர் மாதம் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம். மறுநாள் அவரவர் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். ஜனவரிக்குப் பிறகு மேற்கு நோக்கி நகரவேண்டும். நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். தன் முறைக்கு வந்த இடத்தில் வேறொருவர் வலை போட்டால், உரியவரே தட்டிக் கேட்பார். போலீசே தேவையில்லை!

எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் இத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்து, பொதுச் சொத்தை ஊரார் கூடிக் காப்பாற்ற முடியும் என்று நிரூபித்தார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

நமக்கும் இது புதிதல்ல. பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் "பாடு" என்று முறை வைத்து இடம் மாறி மீன் பிடிப்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 2001 முதல் தடைக்காலம் இருக்கிறது. முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்கு ஓய்வு. அந்த இரண்டு மாதமும் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டம்தான் கடலில் போடும் விதை.

ஆகவே, மீன் முதலாளி ஆகப் போகும் நண்பர்களே! ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்னால், எதிர்மேஜைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். அதை முதல் வருஷமே பேசுங்கள். மீன் இருக்கும்போது செய்வதற்குப் பெயர் ஒப்பந்தம். மீன் தீர்ந்த பிறகு செய்வதற்குப் பெயர் ஒப்பாரி!