பெயர் ஒன்று, கோயில் இரண்டு

பிரகதீஸ்வரர் கோயில் எந்த ஊரில் இருக்கிறது? தஞ்சாவூர்னு சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் ஜெயங்கொண்டம் பக்கத்து நண்பரைக் கேட்டால் "எங்க ஊர்ப் பக்கம்தான்" என்பார். அதுவும் சரிதான்! ராஜராஜன் தஞ்சையில் கட்டிய கோயிலுக்கும், மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டிய கோயிலுக்கும் இன்று பெயர் ஒன்றே. பேச்சில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏற்றும்போதுதான் தலைவலி.

டிபிஎம்எஸ் வகுப்பில் படித்திருப்பீர்கள்: பெயரை பிரைமரி கீ ஆக்கக் கூடாது. ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருப்பதால்தானே ரெஜிஸ்டர் நம்பர்? யுனெஸ்கோவும் அதையேதான் செய்தது. 1987-இல் தஞ்சைக் கோயில் 250 என்ற எண்ணில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதே பதிவில் சேர, எண் '250பிஸ்' ஆனது. அதற்குள் மூன்று கோயில்களுக்கும் 001, 002, 003 என்று தனி எண்கள். ('பிஸ்' என்றால் லத்தீனில் இரண்டாம் முறை. நாம் டீயில் நனைக்கும் பிஸ்கட்டில் இருப்பதும் அதே பிஸ்தான்.)

"எண் எதுக்கு? பெயரோட மாவட்டத்தையும் சேர்த்துட்டா போதுமே" என்று தோன்றலாம். அதையும் பார்த்துவிடுவோம். 2004-இல் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது பெரம்பலூர் மாவட்டத்தில். 2007 நவம்பருக்குப் பிறகு அரியலூர் மாவட்டம். கோயில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் உங்கள் கீ உடைந்துவிட்டது. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டிலும் 'ஃபர்ஸ்ட் பிரஸ்பிடேரியன் சர்ச்' என்ற பெயரில் ஊருக்கு ஊர் தேவாலயம் உண்டு. அங்கேயும் ஒவ்வொன்றுக்கும் தனி எண்தான். 1966-இல் சேர்ந்தவற்றின் எண் 66 என்று தொடங்கும்.

சரி, எண் கொடுத்தாச்சு, வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் கோஸ் மினார் வருகிறது.

ஷெர்ஷா காலத்திலும் முகலாயர் காலத்திலும் வடக்கே பெருவழிச் சாலைகளில் ஒரு கோஸ் தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்ட தூரக்கல் தூண்கள் இவை. ஹரியானாவில் மட்டும் 40-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே உருவம். இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் ஒரு வரி: 'கோஸ் மினார் எண் 13, முஜேசர், ஃபரிதாபாத்'. எண் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. தூண்தான் இல்லை! நாட்டில் 50 சின்னங்களைக் காணவில்லை என்று 2022-இல் நாடாளுமன்றக் குழுவிடம் அரசு சொன்னது. அதில் 24 எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லையாம். 2024-இல் பட்டியலிலிருந்து நீக்குவதாக அறிவித்த 18 சின்னங்களில் முஜேசர் தூணும் ஒன்று.

எண் செய்வது ஒரு வரியை இன்னொரு வரியிலிருந்து பிரிப்பது மட்டுமே. அந்த வரியைத் தரையோடு கட்டுவது அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். முழ நீளத்துக்குப் பெயர் எழுதி வைத்தாலும் அந்த வேலை நடக்காது.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பக்கத்து ஊர்த் தூணை இந்த ஊர்த் தூண் என்று குறித்துவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவர் மாடி எடுக்க முடியாமல் நிற்பார். நிஜத் தூணுக்குப் பக்கத்தில் ஜேசிபி நிற்கும்.

ஆகவே, ஃபைனல் இயரில் பாரம்பரியச் சின்ன ஆப் ஏதாவது செய்பவர்கள் மாறாத எண்ணுக்கு ஒரு காலம், ஆயத்தொலைவுக்கு இரண்டு காலம் வையுங்கள். பழைய பெயர்கள், பழைய மாவட்டங்களை அழிக்காமல் தனி டேபிளில் போடுங்கள். போட்டோ எடுக்கும்போது போனில் லொக்கேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.