அந்தக் குழந்தை எத்தனை நாள் காத்திருக்கலாம்?

இருதயக் கோளாறோடு பிறக்கும் பச்சிளம் சிசுக்கள்: பெற்றோர்கள் அறிய வேண்டிய கெடு!

தை மாதம். ரதசப்தமி நாள். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கத்துக்கு எழுந்தருளுகிறார். செய்யாற்றில் தீர்த்தவாரி நடக்கிறது. சுற்றுப்பட்டுக் கிராமங்களெல்லாம் ஆற்றங்கரையில் கூடுகின்றன. ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் நிற்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அவள் இடுப்பில் நாலு மாதக் குழந்தை. ஆனால் பார்த்தால் ஒரு மாதக் குழந்தை போலத்தான் இருக்கிறது. பால் குடிக்கத் தொடங்குகிறது. இரண்டு வாய் குடித்ததும் நிறுத்துகிறது. மூச்சு வாங்குகிறது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மறுபடியும் குடிக்கிறது. மறுபடியும் நிறுத்துகிறது.

"ஒல்லி வாகு. உன் புருஷனும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தான். வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார் மாமியார்.

"யார் கண் பட்டதோ! திருஷ்டி சுற்றிப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள்.

"குழந்தையின் இருதயத்தைப் பரிசோதித்தாயா?" என்று கேட்க ஒருவரும் இல்லை.

இவள் கற்பனைத் தாய்தான். ஆனால் இப்படிப்பட்ட தாய்மார்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்.

ஆயிரத்துக்கு எட்டு

பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு சுமார் 8 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது. இது உலகம் எங்கும் உள்ள கணக்கு. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் குழந்தைகளுக்கு மேல் இப்படிப் பிறப்பதாக டாக்டர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே ஆபரேஷனோ, அதற்கு ஈடான சிகிச்சையோ தேவைப்படுகிறது.

இதற்காகத் தாயின் மேல் பழி போடக் கூடாது. கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்ததல்ல. தின்னக் கூடாததைத் தின்றதால் வந்ததல்ல. கருவின் இருதயம் முதல் இரண்டு மாதங்களுக்குள் உருவாகிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரிய வருகிறது!

நாலு அறை வீடு

இருதயம் நாலு அறை உள்ள வீடு. மேலே இரண்டு அறை. கீழே இரண்டு அறை. நடுவில் ஒரு சுவர். வலது பக்கத்து அறைகளுக்குக் கெட்ட ரத்தம் வருகிறது. அது நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகிறது. சுத்த ரத்தம் இடது பக்கத்துக்கு வந்து உடம்பெங்கும் போகிறது.

சில குழந்தைகளுக்கு நடுச் சுவரில் ஓட்டை இருக்கும். சுத்த ரத்தம் அந்த ஓட்டை வழியாக வலது பக்கம் பாய்ந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகும். ஏரி நிரம்பிய பிறகும் மதகைத் திறந்து விட்டால் என்ன ஆகும்? நுரையீரலுக்கு அந்தக் கதிதான். அதனால்தான் மூச்சு இரைக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கிறது. எடை ஏறுவதில்லை.

வேறு சில குழந்தைகளுக்குக் கெட்ட ரத்தமே உடம்புக்குள் கலக்கும். அழும்போது உதடு, நாக்கு, நகம் நீலம் பாரிக்கும். இவர்களை 'நீலக் குழந்தைகள்' என்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு

"ஆபரேஷன் என்றால் ஒரே ஆபரேஷன்தானே? இன்று இல்லாவிட்டால் அடுத்த வருஷம்" என்று பலரும் எண்ணுகிறார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கெடு உண்டு.

மேல் அறைகளின் சுவரில் ஓட்டையா? அந்தக் குழந்தை நன்றாக வளர்ந்து வந்தால், 2 முதல் 4 வயதுக்குள் அடைத்தால் போதும். அடுத்த ரதசப்தமி வரை பொறுக்கலாம். அதற்கு அடுத்ததும் பார்க்கலாம்.

கீழ் அறைகளின் சுவரில் சின்ன ஓட்டையா? அது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். டாக்டர் சொல்லும் தேதிகளில் காட்டி வந்தால் போதும்.

அதே சுவரில் பெரிய ஓட்டையா? மருந்து கொடுத்தும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். அடங்கினாலும் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

நீலக் குழந்தைகளில் அதிகமாகக் காணப்படும் வகைக்கு, குழந்தை தெம்பாக இருந்தால் 6 மாதம் முதல் ஒரு வயதுக்குள் ஆபரேஷன். இடையில் திடீர் திடீரென்று நீலம் பாரித்து மயங்கினால் அவ்வளவு காலம் கூடப் பொறுக்க முடியாது.

இருதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. இவர்களில் பலருக்குப் பிறந்து இரண்டு, மூன்று வாரங்களுக்குள் ஆபரேஷன் முடிந்தாக வேண்டும். புண்ணியதானம் செய்து பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரி போக வேண்டிய குழந்தைகள் இவர்கள்!

தேறியது போன்ற மாயம்

கெடு தாண்டினால் என்ன ஆகும்? பெரிய ஓட்டையுள்ள குழந்தையின் கதையைக் கேளுங்கள்.

நுரையீரலுக்குள் ரத்தம் ஓயாமல் வேகமாகப் பாய்கிறது. அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகுகின்றன. அதனால் உள்ளே போகும் ரத்தம் குறைகிறது. மூச்சிரைப்பும் குறைகிறது! குழந்தை தேறியது போலத் தோன்றுகிறது.

"பார்த்தாயா? வளர்ந்தால் சரியாகும் என்று அன்றே சொன்னேனே!" என்று வீட்டுப் பெரியவர்கள் மகிழ்கிறார்கள்.

அது குணம் அல்ல. கெடு தாண்டிவிட்டதன் அடையாளம். சில ஆண்டுகள் கழித்து ரத்தம் எதிர்த் திசையில் ஓடத் தொடங்கும். அதுவரை சிவப்பாக இருந்த பிள்ளை நீலம் பாரிக்கும். அப்போது எவ்வளவு பெரிய டாக்டரிடம் கொண்டு போனாலும், "இனி ஓட்டையை அடைக்க முடியாது. அடைத்தால் உயிருக்கே ஆபத்து" என்றுதான் சொல்வார்.

ஆபரேஷனுக்குப் பணம் இருக்கும். ஆஸ்பத்திரியில் கட்டில் இருக்கும். ஆனால் காலம் போயிருக்கும்.

சின்ன ஓட்டை மூடியதால் தேறியதா, பெரிய ஓட்டை இறுகியதால் தேறியதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 'எக்கோ' என்னும் ஸ்கேன்தான் சொல்லும்.

தந்தையே எந்திரம்!

கெடு என்ற பேச்சே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. ஏனென்றால் அன்று சிகிச்சையே இல்லை. நீலக் குழந்தையைப் பெற்றவர்கள் அழுவதைத் தவிர வேறு வழி அறியார்கள்.

1944-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் டாக்டர் பிளாலாக் ஒரு நீலக் குழந்தைக்கு முதன் முதலாக ஆபரேஷன் செய்தார். அதற்கு யோசனை சொன்னவர் ஒரு பெண் டாக்டர், ஹெலன் டாசிக். ஆபரேஷன் முறையை நாய்களிடம் செய்து பழகி, பிளாலாக்கின் பின்னால் நின்று வழி காட்டியவர் விவியன் தாமஸ். அவர் டாக்டர் பட்டம் பெறாதவர். தச்சு வேலை பார்த்து வந்த கறுப்பு இளைஞர்!

பத்தாண்டு கழித்து, 1954-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி, மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் டாக்டர் லில்லஹை இன்னொரு அதிசயம் செய்தார். இருதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கும்போது குழந்தையின் ரத்த ஓட்டத்தை யார் நடத்துவது? குழந்தையின் தந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்தார். இருவரின் ரத்தக் குழாய்களையும் குழாயால் இணைத்தார். தந்தையின் இருதயம் இரண்டு உயிருக்கும் சேர்த்துத் துடித்தது!

அந்த முதல் குழந்தை 11-ம் நாள் இறந்துவிட்டது. ஆனால் அடைத்த ஓட்டை அடைத்தபடியே இருந்தது. இந்த முறையில் 45 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். பிறகு எந்திரம் வந்தது. தந்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நமக்கு அருகிலும் இந்த வித்தை சீக்கிரமே வந்தது. கலசப்பாக்கத்திலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வடக்கே போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1961-ம் ஆண்டிலேயே திறந்த இருதய ஆபரேஷன் நடந்தது.

வரிசை ஏன் நீளுகிறது?

வித்தை வந்து இத்தனை ஆண்டு ஆகியும் குழந்தைகள் ஏன் காத்திருக்கிறார்கள்?

கைக்குழந்தையின் இருதயம் அதன் கைப்பிடி அளவுதான். அதில் கத்தி வைக்கும் டாக்டர்கள் குறைவு. மயக்க மருந்து டாக்டர், எந்திரம் இயக்குபவர், இரவெல்லாம் கண் விழிக்கும் நர்சுகள் எல்லோரும் தனிப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த குழந்தை பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும். அந்தக் கட்டில் காலியானால்தான் அடுத்த குழந்தைக்கு இடம்.

இடையில் ஓர் அவசரக் குழந்தை வந்தால், தேதி கொடுத்த குழந்தை பின்னால் போக வேண்டும். தேதி வந்த அன்று குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றாலும் தள்ளிப் போகும்.

கேரளத்தில் 2017-ம் ஆண்டு 'ஹ்ருத்யம்' என்ற திட்டம் தொடங்கினார்கள். இருதயக் கோளாறுள்ள குழந்தையின் பெயர் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. யாருக்கு எவ்வளவு அவசரம் என்று டாக்டர்கள் தரம் பிரிக்கிறார்கள். முதலில் வந்தவருக்கு முதல் இடம் அல்ல. முதலில் கெடு முடிபவருக்கே முதல் இடம். இதுதான் நியாயமான வரிசை.

முதல் வரிசை வீட்டிலே

ஆனால் ஆஸ்பத்திரி வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை இருக்கிறது. அது வீட்டில் இருக்கிறது. "அறுவடை முடியட்டும்", "ஆடி போகட்டும்", "அப்பா ஊரிலிருந்து வரட்டும்" என்று நாளைக் கடத்துகிறோமே, அந்த வரிசை! அதைக் குறைக்க நம்மால் முடியும்.

கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதம் எடுக்கும் ஸ்கேனைத் தவற விடாதீர்கள். பெரிய கோளாறுகள் பலவும் அதிலேயே தெரியும். தெரிந்தால், இருதய ஆஸ்பத்திரி உள்ள ஊரிலேயே பிரசவம் பார்க்கலாம்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தோமே, அது போன்ற கருவியால் பிறந்த மறுநாள் குழந்தையின் வலக்கையிலும் காலிலும் பார்க்கலாம். வலி இல்லை, சில நிமிஷ வேலை. அளவு 95-க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன், "ஆக்சிஜன் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று மாதக் கெடு உள்ள குழந்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் வண்டிக்காகக் காத்திருக்கலாமா? மூச்சிரைப்பு, பால் குடிக்கும்போது வியர்வை, நீலம், எடை ஏறாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

பணத்துக்காக நாள் கடத்த வேண்டாம். முதல்-அமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய ஆபரேஷனும் சேர்ந்திருக்கிறது. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொடுத்துக் காப்பீட்டு அட்டையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். குழந்தை துடிக்கும்போது தாலுகா ஆபீசுக்கு அலையக் கூடாது.

மூன்று கேள்விகள்

டாக்டரிடம் போனதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாதவர் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒன்று: என் குழந்தையின் கோளாறுக்குப் பெயர் என்ன?

இரண்டு: எந்த வயதுக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும்?

மூன்று: எந்த அறிகுறி தெரிந்தால் தேதிக்குக் காத்திராமல் ஓடி வர வேண்டும்?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆஸ்பத்திரி கொடுத்த தேதி அந்தக் கெடுவுக்குப் பிறகு வந்தால், அங்கேயே கேளுங்கள். முன்னதாக இடம் உண்டா, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ரதசப்தமி ஆண்டு தோறும் வரும். இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு செய்யாற்றங்கரையில் நின்று கும்பிடலாம். குழந்தையின் கெடு ஒரு முறைதான் வரும்.