தாய்மார் சபையில் வம்பர்

குழந்தை வளர்ப்பு எந்தத் தாயும் தனித்திருந்து கற்றுக்கொண்ட வித்தையன்று. பாட்டியிடமும், அத்தையிடமும், ஊர் மருத்துவச்சியிடமும், கிணற்றடியில் கூடிய அயல்வீட்டுப் பெண்களிடமும் கேட்டுக் கேட்டே நம் தாய்மார்கள் அதைக் கற்றார்கள். இன்று அந்தக் கிணற்றடி இல்லை. உத்தியோகத்தின் பொருட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்து, மாடிக் கட்டிடமொன்றின் சிறு வீட்டில் கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் பெண், நள்ளிரவில் குழந்தை பால் குடிக்க மறுத்து அழுதால் யாரைக் கேட்பாள்? கையிலுள்ள செல்போனைத் திறக்கிறாள். வாட்ஸாப்பிலும் பேஸ்புக்கிலும் தன்னைப் போன்ற தாய்மார்கள் கூடியிருக்கும் சபைகளில் தன் சந்தேகத்தை எழுதுகிறாள். முகமறியாத சகோதரி ஒருத்தி பதில் எழுதித் தைரியம் சொல்லுகிறாள். இச்சபைகளை அற்பமென்று எண்ணுவோர் அவற்றின் பிரயோஜனத்தை அறியாதவர்களேயாவர்.

ஆனால் நல்லோர் கூடும் சபையைத் தேடி வம்பரும் வருகிறார்கள். தாய்ப்பால் போதவில்லையே என்று ஒருத்தி வருந்தினால், “பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் சோம்பலா?” என்று வம்பன் எழுதுகிறான். அறுவைச் சிகிச்சையால் பிரசவித்தவளை வலிக்குப் பயந்தவள் என்கிறான். வேலைக்குப் போகும் தாயைப் பணப்பேய் என்கிறான். தடுப்பூசி போட்டவளையும் போடாதவளையும் ஒரே நாளில், வெவ்வேறு பெயர்களில் ஏசுகிறான். அவனுக்குச் சொந்த அபிப்பிராயம் ஒன்றுமில்லை. பிறர் மனம் துடிப்பதைக் காண்பதொன்றே அவன் நோக்கம். இத்தகையோரை ஆங்கிலத்தில் ‘டிரால்’ என்பார்கள். ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பதற்கும் அம்மொழியில் இதை ஒத்த சொல்லே வழங்குகிறது. நம் ஜனங்களோ நெடுங்காலத்துக்கு முன்பே இதற்கு ‘வம்புக்கு இழுத்தல்’ என்று பெயரிட்டு விட்டார்கள்.

வெறும் சொல்தானே, காற்றோடு போகாதா என்று கேட்போர் உண்டு. அவர்கள் பிரசவித்த பெண்ணின் நிலையை உணராதவர்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 13 பேர் மனச்சோர்வு முதலிய மனோவியாதிக்கு ஆளாகிறார்கள். வளர்ந்துவரும் நாடுகளில் இத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 20 ஆகும். 2024-ஆம் வருஷத்தில் சென்னைக்கு அருகே மாடி வீட்டிலிருந்து தவறிய ஒரு கைக்குழந்தையை அயலார் காப்பாற்றினர். அக்காட்சி தேசமெங்கும் பரவிற்று. குழந்தை பிழைத்தது, ஆனால் முன்பின் அறியாத பலர் அத்தாயைக் கவனமற்றவள் என்று தூற்றினார்கள். சில வாரங்களில் அவள் உயிர் நீத்தாள். அவள் பெயரை இங்கே எழுத நமக்கு மனமில்லை. அது வேண்டிய அளவுக்கு மேல் பேசப்பட்டு விட்டது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பதும் நியாயமாகாது. எனினும், நொந்த மனத்தின்மேல் கல்லெறிவது எத்தனை கொடிதென்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமா?

இதற்கு மருந்து யாது? சர்க்கார் கடுஞ்சட்டம் செய்து இவர்களைச் சிறையிலிட வேண்டுமென்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்களது கோபம் நியாயமானதே. ஆனால் வாய்ப்பூட்டுச் சட்டங்களின் சரித்திரத்தை இத்தேசத்தார் மறக்கலாகாது. 1878-ல் லிட்டன் பிரபு சுதேச பாஷைப் பத்திரிகைகளை அடக்கச் சட்டம் செய்தார். 1908-ல் அடக்குமுறையின் காரணமாக ‘இந்தியா’ பத்திரிகை சென்னையை விட்டுப் புதுச்சேரி செல்ல நேர்ந்தது. சுதந்திரம் வந்த பின்னரும் பாடம் மாறவில்லை. 2009 முதல் அமலிலிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ என்ற வரையறையற்ற சொற்களைக் கொண்டு 3 வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு வழி வகுத்தது. அதில் அகப்பட்டவர் யார்? 2012 நவம்பரில் பால் தாக்கரே காலமானபோது மும்பை நகரம் அடைக்கப்பட்டதைக் குறைகூறி எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதை ஆமோதித்த அவள் தோழியும் கைதானார்கள். 2015 மார்ச் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவை ரத்து செய்தது. வம்பனுக்கு விரித்த வலையில் நிரபராதிகள் விழுவது புதிய சம்பவமன்று.

வேறு சிலர், சொந்தப் பெயரில்லாமல் எவரும் எழுதலாகாது என்று விதித்தால் வம்பு ஒழியும் என்கிறார்கள். தென் கொரியா 2007-ல் இதைச் செய்து பார்த்தது. பெரிய வலைத்தளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை நிரூபிக்க வேண்டுமென்று விதித்தது. 2011-ல் அந்நாட்டுப் பிரபல தளங்களில் திருடர்கள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். 2012-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமே அவ்விதி செல்லாதென்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றியும், மாமியாரின் கொடுமையையும், புருஷனின் குடியையும், தன் மனத்தின் இருளையும் எந்தப் பெண் சொந்தப் பெயரில் எழுதத் துணிவாள்? வம்பனுக்கு முகமூடியாகும் அதே பெயர் மறைவு, அபலைக்கு முந்தானையாகிறது.

இவ்விஷயத்தில் பத்திரிகைத் தொழிலின் பழைய வழக்கமொன்று நமக்கு வழிகாட்டும். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோர் புனைபெயரில் பிரசுரிக்கக் கேட்கலாம்; ஆனால் உண்மைப் பெயரையும் விலாசத்தையும் ஆசிரியருக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும். விலாசமற்ற மொட்டைக் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். தாய்மார் சபைகளும் இவ்வாறே நடக்கலாம். அடையாளச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. முன்பே சபையிலுள்ள ஒருவரின் அறிமுகம் போதும். நாம் வற்புறுத்துவது இதுவே: இச்சபைகளுக்கு இன்றியமையாதது பொறுப்புள்ள ஓர் ஆசிரியர்.

அப்பொறுப்பு சுலபமானதன்று. இங்கிலாந்தில் ஜஸ்டின் ராபர்ட்ஸ் என்னும் மாது 2000-ல் ஸ்தாபித்த ‘மம்ஸ்நெட்’ சபையின் அனுபவம் இதற்கு உதாரணம். கைக்குழந்தைகளுக்குக் காலக்கிரமம் விதித்துப் புஸ்தகம் எழுதிய ஜினா ஃபோர்டு என்பவர், தம்மைக் குறித்து அங்கே எழுதப்பட்டவை அவதூறென்று வக்கீல்கள் மூலம் நடவடிக்கை எடுத்தார். 2006-ல் சபையார், அவரைப் பற்றிய பேச்சே வேண்டாமென்று அங்கத்தினரைக் கேட்டுக்கொண்டனர். 2007-ல் மன்னிப்புக் கேட்டு, வழக்குச் செலவில் ஒரு பங்கும் கொடுத்து ராஜியானார்கள். சிலரின் வரம்பு மீறிய ஏச்சினால் பலரின் நியாயமான விமரிசனத்துக்கும் பூட்டு விழுந்தது. பின்னர் 2015 ஆகஸ்டில், அச்சபையைத் தாக்கியவர்களின் பொய்த் தகவலை நம்பி, ஆயுதந்தாங்கிய போலீஸார் நள்ளிரவில் ராபர்ட்ஸ் வீட்டுக்கு வந்தனர். அந்த வம்பரோடு வாதாடிய ஓர் அங்கத்தினர் வீட்டுக்கும் அவ்விதமே போலீஸார் ஏவப்பட்டனர். தூண்டிலைக் கடித்தவருக்குக் கிடைத்த பலன் அது.

நம் நாட்டில், குழுவில் பிறர் எழுதியதற்காக அதன் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாதென்று பம்பாய் ஹைக்கோர்ட்டின் நாகபுரி கிளை 2021-லும், கேரள ஹைக்கோர்ட்டு 2022-லும் தீர்ப்பளித்தன. அவை நியாயமான தீர்ப்புகளே. ஆயினும் சட்டம் விட்டாலும் தர்மம் விடாது. ஒருவரை விலக்கவும், எழுதியதை அகற்றவும் அதிகாரம் பெற்றவர், ஒரு தாய் அழும்போது மௌனமாயிருந்தால் அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு.

அவர் செய்ய வேண்டியது என்ன? முதலில் ஆளைப் பகுத்தறிய வேண்டும். மாறுபட்ட கருத்துடையோரெல்லாம் வம்பரல்லர். தடுப்பூசிக்கு அஞ்சும் தாய் அறியாமையால் கேட்கிறாள். அவளுக்குப் பொறுமையாக விளக்கம் சொல்ல வேண்டும். கடுஞ்சொல் பேசியவருக்குத் தனியே ஒருமுறை எச்சரிக்கை செய்ய வேண்டும். வம்புக்கென்றே வந்தவனை ஓசையின்றி விலக்கிவிட வேண்டும். சபை நடுவில் விசாரணை நடத்தினால் அதுவே அவன் விரும்பும் நாடகமாகும். விதிகள் யாவருக்கும் தெரியும்படி முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். அட்மினின் தோழிக்கும் அவை பொருந்த வேண்டும்.

பயமுறுத்தலும், பின்தொடர்தலும் வேறு ஜாதிக் குற்றங்கள். அவற்றுக்குச் சட்டம் உண்டு. பெயரை மறைத்துப் பயமுறுத்துவது 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்திலேயே தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 351-ஆம் பிரிவிலும் அது இடம் பெற்றிருக்கிறது. அகற்றுவதற்கு முன் தேதியுடன் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்றப் போலீஸாரிடம் புகார் செய்ய வேண்டும். ஆத்திரத்தில் சாட்சியத்தை அழித்தபின் வழக்குரைப்பது வீண்.

மற்ற அங்கத்தினருக்கும் ஒரு கடமையுண்டு. வம்பன் எழுதியவுடன் பத்துப் பேர் அவனுக்குப் பதில் எழுதுகிறார்கள். கேள்வி கேட்ட தாய்க்கு ஒருவரும் எழுதுவதில்லை. அவள் தன் செல்போனில் காண்பது சண்டையை மட்டுமே. அந்தப் பத்துப் பேரும் வம்பனை விட்டு அவள் பக்கம் திரும்பி, “எனக்கும் இப்படித்தான் இருந்தது, பயப்படாதே, நாளைக் காலையில் டாக்டரிடம் காட்டு” என்று எழுதினால் போதும். பாரத தேசத்தின் நாளைய பிரஜைகள் அத்தாய்மாரின் மடியில் வளர்கிறார்கள். அம்மடி கலங்காதிருக்கச் செய்வது நம் யாவர் கடமையுமாகும்.