சாக்கடலின் கருஞ்சேறு

சாக்கடல் கரையில், கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே நிற்கிறீர்கள். பூமியின் தரைப்பரப்பில் இதைவிடத் தாழ்ந்த கரை கிடையாது.

இந்த நீரில் உப்பு ஏறக்குறைய 34 சதவீதம். மற்றக் கடல்களைப் போல் பத்து மடங்கு. அதிலும் சமையல் உப்பைவிட மெக்னீசியம் உப்பே மிகுதி. நீரின் எண்ணெய் வழுவழுப்பும் கசப்பும் அதனால்தான். சேற்றின் கருநிறமும் அழுகிய முட்டை வாடையும் கந்தகச் சேர்மங்களின் வேலை.

தீராத அரிப்பும் வேறு பல நோய்களும் வாட்ட, கி.மு. 4 வாக்கில் ஏரோது மன்னன் கிழக்குக் கரையிலுள்ள கல்லிரோயி வெந்நீர் ஊற்றுக்கு வந்தான் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். பலனில்லை. எரிகோவுக்குத் திரும்பி இறந்துபோனான்.

இன்று சிகிச்சைக்கென வருபவர்களில் பலர் சொரியாசிஸ் என்னும் தோல்நோய் உள்ளவர்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் தங்கி, நாளும் குளித்து, வெயில் காய்கிறார்கள். செதில்கள் உதிர்ந்து தோல் தெளிவது பலருக்கு நடக்கிறது. பெயர் சேற்றுக்கு, பெரும்பங்கு வேலை வெயிலுக்கு! தலைக்கு மேல் கூடுதலாக இருக்கும் காற்றும் நீராவி மூட்டமும் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களை ஓரளவு வடிகட்டுவதால், நெடுநேரம் வெயிலில் இருக்க முடிகிறது. ஆனால் நோய் வேரறுவதில்லை. சில மாதங்களில் திரும்பக்கூடும்.

சவரம் செய்த அன்றும், உடலில் வெட்டுக்காயம் இருந்தாலும் நீரில் இறங்காதீர்கள். மல்லாந்தே மிதக்கவும். கண்ணில் நீர் பட்டால் தேய்க்காமல் கரையேறி, நன்னீரால் உடனே கழுவவும்.