எடையிட்ட ஈயும் இலேசான கோலும்

ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி எறிந்தால், கல் முன்னே செல்லும். கயிறு அதன் பின்னே இழுபட்டுச் செல்லும். அதே கயிற்றில் ஒரு கோழியிறகைக் கட்டி எறிந்து பாருங்கள். இறகு காலடியிலேயே விழும். ஆயினும் மேனாட்டு ஆற்றங்கரைகளில், இறகாலும் மயிராலும் செய்த போலி ஈ ஒன்றை 50 அடிக்கு அப்பால் நீந்தும் மீனின் முன்னே கொண்டுபோய் இறக்குகின்றனர். இது எங்ஙனம் இயலும்? அவர்கள் எறிவது ஈயை அன்று, கயிற்றை. ஈ கயிற்றோடு போகிறது. மாணவ நண்பர்களே, இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் இன்று நான் கூற வந்தது எளிதில் விளங்கும்.

இதற்கென்றே செய்யப்படும் தூண்டிற்கயிறு பருமனும் எடையும் உடையது. முதல் 30 அடியின் எடையைக் கொண்டு அதற்கு எண் இடுவர். நான்காம் எண் கயிற்றில் அந்த 30 அடி 120 கிரெயின், அதாவது ஏறத்தாழ 7.8 கிராம் இருக்கும். அதற்கேற்ற கோல் நான்காம் எண் கோல். இக்காலத்தில் கரி இழையால் செய்யப்படுவதால், 9 அடி நீளமிருந்தும் 100 கிராம் எடைகூடப் பெறாது. கோலைப் பின்னே வீசிச் சட்டென நிறுத்தினால், கயிறு கொண்டை ஊசி போல மடிந்து, அம்மடிப்பு விரிந்துகொண்டே பின்னே ஓடும். முற்றும் விரிந்ததும் முன்னே வீசினால் முன்னே ஓடும். கயிற்றின் முனையில் நுண்ணிய இழையொன்று. அதன் முனையில் ஈ. நெல்மணியின் எடையே உள்ள அந்த ஈ, காற்றின் தடையால் வேகம் குன்றி மெத்தென நீரில் இறங்கும்.

அங்ஙனமாயின் ஈக்கு எடை ஏன் சேர்க்க வேண்டும்? டிரவுட் மீன் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கு அடியிலேயே கொள்கிறது. ஆற்றுக் கற்களிடையே வாழும், ஈக்களின் இளம் பருவ உயிர்களே அவ்வுணவு. இங்கிலாந்தில் இதனை ஒட்டிப் பெரும் வழக்கே எழுந்தது. 1886ல் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு மிதக்கும் ஈக்களைப் பற்றி நூல் எழுதினார். அவர் வழி நின்றோர், மிதக்கும் ஈயே பண்பாடு, மூழ்கும் ஈ இழுக்கு என்று கொண்டனர். சட்டத் தொழில் புரிந்த ஸ்கியூஸ் 1910ல் ஒரு நூலால் அதனை மறுத்தார். 1938ல் இலண்டன் மன்றமொன்றில் இதற்கெனத் தனி விவாதமும் நிகழ்ந்தது. மீனுக்கு இவ்விவாதம் தெரியாது! பின்னர் ஏவன் ஆற்றின் காவலரான ஃபிராங்க் சாயர், நூலுக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கம்பியைக் கொண்டே ஃபெசன்ட் பறவையின் வாலிறகைக் கொக்கியில் சுற்றினார். கம்பியே கட்டும் ஆயிற்று, எடையும் ஆயிற்று. ஆற்றை நாள்தோறும் கண்டவரின் தீர்ப்பாதலின், இதுவே எனக்கு உகந்தது.

ஈயமும் நெடுங்காலம் பயன்பட்டது. அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி மடிந்தமையால், இங்கிலாந்தில் 1987 முதல் சிறு ஈயக்குண்டுகளைத் தூண்டிலில் கட்டுதல் தடுக்கப்பட்டது. இன்று பெரிதும் வழங்குவது டங்ஸ்டன் மணி. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. ஆகவே 3 மில்லிமீட்டர் மணியொன்றே ஈயை விரைந்து மூழ்கச் செய்யும்.

அம்மணி ஏறத்தாழ 0.2 கிராம். 7.8 கிராம் கயிற்றின்முன் இது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் அது அமர்ந்திருக்கும் இடத்தை நோக்குங்கள். மடிப்பு விரிய விரிய, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பகுதி குறுகிக்கொண்டே வருகிறது. இறுதியில் மெல்லிழையும் ஈயும் மட்டுமே எஞ்சுகின்றன. அங்கே மணியே தலைவன். காற்று அதனை எளிதில் நிறுத்தாது. கயிறு முழுதும் நீண்டதும் அது வெடுக்கென இழுத்துத் துள்ளும், கயிறு தளரும், தளர்ந்த நொடியில் மணி கீழே விழும். அப்போது முன்னே வீசினால், வீச்சின் பாதி அத்தளர்வை இறுக்குவதிலேயே கழியும். மணியோ தாழ்ந்து, வீசுபவரின் தலைக்கு நேரே பாய்ந்து வரும். இலேசான கோலின் நுனி இளகியதாதலால் இவ்விடர் இன்னும் மிகும்.

இதனைத் தவிர்க்கும் வழி, கயிற்றைத் தளரவிடாமையே. கவணில் சுழலும் கல் ஓரிடத்தும் நிற்பதில்லை. அதனால் கவண் தளர்வதும் இல்லை. அதுபோலவே பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுசென்று, நிறுத்தாமல் வளைத்து, முன்வீச்சைத் தலைக்கு மேல் உயரமாகக் கொண்டுவர வேண்டும். கோலின் நுனி காற்றில் ஒரு நீள்வட்டம் வரையும். இதனைப் பெல்ஜிய வீச்சு என்பர். கை நிதானமாக இயங்க வேண்டும். மடிப்பு குறுகலாக இருப்பதே அழகு என்று பயின்றவர்களுக்கு இந்த அகன்ற வீச்சு கோணலாகத் தோன்றலாம். கோணலே இங்கு நேர்த்தி. கொக்கியற்ற நூலில் சிறு மணியொன்றைக் கட்டிப் புல்வெளியில் நான் இருவகையாகவும் வீசிப் பார்த்திருக்கிறேன். வேறுபாட்டைக் கண் காண்பதற்கு முன்பே கை உணர்ந்துவிடும்.

காற்றில் பலமுறை ஒத்திகை வீசுதல் வேண்டா, ஒன்று போதும். ஓடும் நீராயின் அதுவும் வேண்டா. கயிற்றை ஓட்டத்தோடு விட்டால், நீரே அதனை நேராக்கி இறுக்கித் தரும்; அப்பிடிப்பில் கோலை வளைத்து மேல்நோக்கி வீசிவிடலாம். மெல்லிழையைச் சற்றே குறுக்குவதும் நன்று. தொலைவின்மேல் ஆசை கூடாது. ஈய விழிகள் பொருத்திய பெரிய ஈக்களுக்கு எட்டாம் எண் கோலே தக்கது.

கண்ணாடியும் தொப்பியும் அணியாமல் எடையிட்ட ஈயை வீசவே கூடாது. கண்ணில் கொக்கி தைத்தால் பார்வையே போகும். வலக்கையால் வீசுபவர் வலப்புறமிருந்து வரும் காற்றை அஞ்ச வேண்டும். அது ஈயை முகத்தின்மேல் தள்ளும். கோலுக்கும் கேடுண்டு. விரைந்து வரும் மணி கரி இழைமேல் பட்டால் கண்ணுக்குப் புலனாகாத கீறல் விழும். பின்னொரு நாள் நல்ல மீன் இழுக்கும்போது கோல் அவ்விடத்தே முறியும்.

மணியின் துள்ளலைப் பயனாக்கிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஈத்தூண்டிலைப் பாடமாகவே கற்பித்த ஜார்ஜ் ஹார்வியும், அவருக்குப்பின் அப்பாடத்தை ஏற்ற ஜோ ஹம்ஃப்ரீஸும் இவ்வகையில் பெயர் பெற்றவர்கள். முன்வீச்சைக் கோல் உயர்ந்திருக்கும்போதே வெடுக்கென நிறுத்தினால், எடையிட்ட ஈ கயிற்றுக்கு அடியில் ஊசலாடி உள்ளே மடங்கி, கயிற்றுக்கு முன்னதாகவே செங்குத்தாய் நீரில் விழும். ஓட்டம் கயிற்றைப் பற்றி இழுக்கத் தொடங்கும் முன்னரே ஈ ஆற்றின் அடியை எட்டியிருக்கும்.